மகளின் முன்பற்கள்

என் மகளுக்கு முதல் பல் மேல் ஈறில் முளைத்தது. கீழ்ப்பல்தான் முதலில் வர வேண்டும், மேல்பல் முந்தினால் தாய்மாமனுக்கு ஆகாது என்று சொல்லி என் பிறந்த வீட்டில் எல்லோரும் கலங்கிப் போனார்கள். என் தம்பிக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. அவன் பிள்ளையை நேராகப் பார்க்கக் கூடாதென்று, கிண்ணத்து எண்ணெயில் தெரிந்த அவள் முகத்தை முதலில் பார்க்கவைத்தார்கள். பிறகு பல் அளவுக்குச் சின்னச் சின்னதாகக் கொழுக்கட்டை உருட்டி அவித்து, மணையில் உட்காரவைத்து அவள் தலையில் கொட்டினார்கள். மடியில் விழுந்த ஒன்றை எடுத்துச் சப்பிக்கொண்டே அவள் சிரித்தாள். அந்த ஒற்றைப் பல் அரிசிக் குருணை மாதிரி தெரிந்தது. அன்றைக்கு வந்திருந்த பெண்கள் இருபது பேராவது இருப்பார்கள். தாய்மாமனுக்கு வரும் கெடுதலைப் பற்றி அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. முளைத்த பல்லை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலையில் இருந்த எனக்கும் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் நடுவில், பெரிய ரோட்டில் இறங்கி உள்ளே நடந்து போக வேண்டிய ஓர் ஊரில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். பள்ளியில் இரண்டே பேர். தலைமையாசிரியர் ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் பார்த்துக்கொள்வார். மூன்று, நான்கு, ஐந்து மூன்றும் என்னுடையவை, ஒரே கூடத்தில். என் கணவருக்குக் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் மேற்பார்வையாளர் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருவார். பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்குக் குடியிருந்தோம்.

பிரசவ விடுப்பு மூன்று மாதம்தான். அது முடிந்ததும் பிள்ளையை வீட்டுக்கார அக்காவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். அவள் நல்ல பெண்மணி. தன் வீட்டுப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாள். காலையிலேயே பால் பவுடரைக் கரைத்து, இரண்டு கரண்டி சீனி போட்டு, இரண்டு புட்டிகளில் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போவேன். "அழுதா புட்டிய வாயில வச்சிருங்கக்கா, அவ பாட்டுக்கு உறங்கிருவா" என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அவள் அப்படியே செய்தாள். பிள்ளை புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும். சாயங்காலம் நான் வந்து புட்டியை உருவும்போது உதட்டோரம் பால் காய்ந்து வெள்ளையாக இருக்கும். அதைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருக்கும். வயிறு நிறைந்து உறங்குகிறாள் என்று நினைப்பேன்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரில் ஓர் ஊருணி இருந்தது. மழை பெய்து நிறைந்தால் கரிசல் மண் கரைந்து டீ நிறத்தில் கிடக்கும். பெண்கள் குடத்தில் எடுத்து வந்து, தேத்தாங்கொட்டையை உரசித் தெளியவைத்துக் குடிப்பார்கள். நான் டவுனில் வளர்ந்தவள். அந்தத் தண்ணீரைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். நான் வேலைக்குச் சேர்ந்த சமயத்தில்தான் பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் ஆழமாகப் போர் போட்டு அடிபம்பு வைத்திருந்தார்கள். அந்தத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். என் மகளுக்கு அதைத்தான் கொடுத்தேன். அதுவும் சும்மா அல்ல, பெரிய பாத்திரத்தில் ஊற்றி நன்றாகக் கொதிக்கவைத்து, பாதியாக வற்றும்வரை அடுப்பில் விட்டு, ஆறவைத்து, அதில்தான் பால் பவுடரைக் கரைப்பேன். என் கவனத்தைப் பார்த்து வீட்டுக்கார அக்காவே ஆச்சரியப்படுவாள். பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போதெல்லாம் தாய்மார்களிடம் சொல்வேன்: "ஊருணித் தண்ணிய பிள்ளைகளுக்குக் குடுக்காதீங்க. வாந்தி பேதி வரும். அடிபம்புத் தண்ணியக் குடுங்க." டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று பலர் மாறிவிட்டார்கள். அப்போது அதைக் கேட்டுக் கேட்டுப் பெருமைப்பட்டேன்.

மூன்று வயதில் மகளின் மேல் முன்பற்கள் ஓரங்களில் கறுத்து, ஒவ்வொன்றாகக் கரையத் தொடங்கின. கரைந்து கரைந்து ஈறோடு முளைக்குச்சி போல நின்றன. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "பால்பல்லுதான, விழுந்து மொளச்சிரும்." நானும் அதையே சொன்னேன். புட்டியை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுவாள், உறங்கமாட்டாள், மறுநாள் நான் வகுப்பில் நிற்க முடியாது.

நான்கு வயதில் ஒரு நாள் காலையில் எழுந்தபோது அவளுடைய வலது கன்னம் வீங்கிக் கிடந்தது. உடம்பு நெருப்பாகச் சுட்டது. லீவு சொல்லிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினேன். எங்கே போகிறோம் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"டாக்டர்ட்ட காட்டப் போறோம்."

"ஊசி போடுவாவளா?"

"ஊசியும் கிடையாது ஒண்ணும் கிடையாது. சும்மா வாயத் திறந்து பாப்பாவ. அவ்வளவுதான்."

"வலிக்காதுல்ல?"

"வலிக்காது. அம்மா சொல்லுதேம்ல."

மாடியில் இருந்த பல் ஆஸ்பத்திரி அது. டாக்டர் வயதானவர், பொறுமையானவர். வாயைப் பார்த்துவிட்டு என்னிடம் முதலில் கேட்டது, "புட்டிப்பால் எத்தன வயசு வரைக்கும் குடுத்தீங்க?"

முந்தின நாள்கூடக் கொடுத்திருந்தேன். "ஒரு வயசு வரைக்கும் சார்" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பின்பக்கத்தில் இரண்டு பற்கள் சீழ் வைத்துவிட்டன, எடுத்தாக வேண்டும் என்றார். முதலில் மருந்து கொடுத்து வீக்கம் வற்றியதும் வரச் சொன்னார். நான்கு நாள் கழித்து மறுபடியும் போனோம். அப்போதும் அதே பொய்யைத்தான் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். "அன்னைக்கு மாதிரி சும்மா பாப்பாவ." முதல் தடவை அது உண்மையாகிவிட்டதால் அவள் நம்பிவிட்டாள். தானாகவே நாற்காலியில் ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தாள். ஊசியைப் பார்த்ததும் இறங்கப் பார்த்தாள். நான்தான் அவள் கைகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. வாய் திறந்தபடி இருக்க, கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எல்லாம் முடிந்தபின் டாக்டர் இரண்டு காரியம் சொன்னார். ஒன்று, பால்பல்தானே என்று விட்டுவிடாதீர்கள், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு வாருங்கள், மற்ற பற்களை அடைத்துக் காப்பாற்றலாம் என்றார். இன்னொன்றைக் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அடுத்த தடவ எதுக்கு வாரோம்னு பிள்ளைட்ட நெசத்தச் சொல்லிக் கூட்டிட்டு வாங்கம்மா."

அந்த அடுத்த தடவை வரவேயில்லை. வீக்கம் போய்விட்டது, வலி இல்லை, பிள்ளை சாப்பிடுகிறாள், பிறகு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஏழு வயதில் மேல் முன்பற்கள் புதிதாக முளைத்தன. அகலமாக, மண்வெட்டி மாதிரி இரண்டு பற்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பழைய கணக்கெல்லாம் தீர்ந்தது, இனிமேல் ஒழுங்காகப் பார்த்துக்கொள்வேன் என்று நினைத்தேன். நல்ல பிரஷ், நல்ல பேஸ்ட் வாங்கினேன். சீனியைக் குறைத்தேன். ஆனால் அந்தப் பற்களில் முதலிலிருந்தே சாக்பீஸ் தேய்த்தது போல வெள்ளைத் திட்டுகள் இருந்தன. எட்டு வயதுக்குள் அந்த இடங்கள் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, குறுக்கே கோடு கோடாகத் துருப்பிடித்த மாதிரி ஆகிவிட்டன.

நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான். பிள்ளை சரியாகப் பல் தேய்ப்பதில்லை. பிரஷை வாயில் வைத்து எடுத்துவிட்டு ஏமாற்றுகிறாள்.

தினமும் காலையில் சண்டை. "வாயத் திற, ஊது" என்று பக்கத்தில் போய் மூக்கை வைத்து மோந்து பார்ப்பேன். பேஸ்ட் வாடை வரும். வந்தாலும் நம்பமாட்டேன். பேஸ்டைத் தின்றிருப்பாள் என்பேன். பேஸ்டை நிறுத்திவிட்டுப் பல்பொடிக்கு மாறினோம். பிறகு உப்பு. பிறகு அடுப்புக்கரியைப் பொடித்து நானே விரலில் தொட்டுத் தேய்த்தேன். யாரோ சொன்னார்கள் என்று எலுமிச்சம் மூடியில் உப்பு வைத்துத் தேய்த்தேன். அவள் துடித்துப் போவாள்.

"கூசுதும்மா. விடும்மா."

"ஒழுங்காத் தேச்சா நான் எதுக்குட்டி தேய்க்கப் போறேன்?"

"தேச்சேம்மா. ரெண்டு தடவ தேச்சேன்."

"பொய் சொல்லாத."

ஈறில் ரத்தம் கசியும். கோடு அப்படியே இருக்கும். என் கணவர் ஒரு நாள் பார்த்துவிட்டு, "ஊர்ல நெறைய பிள்ளைகளுக்கு இப்படித்தான இருக்கு, டாக்டர்ட்ட ஒரு தடவ கேட்டுட்டு வருவமே" என்றார். "ஊர்ல எந்தப் பிள்ள ஒழுங்காப் பல்லு தேய்க்குது? அதுகளோட சேந்து இவளும் கெட்டுப்போயிட்டா" என்றேன். அவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். பிள்ளை விஷயத்தில் டீச்சரான எனக்குத் தெரியாதது அவருக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அவருக்கும் அப்படியொரு நினைப்பு இருந்திருக்கலாம்.

மூன்றாம் வகுப்புக்கு அவள் என் கூடத்துக்கே வந்து சேர்ந்தாள். வீட்டில் அம்மா, பள்ளியில் டீச்சர். அதில் அவள் கண்டிப்பாக இருந்தாள். ஒரு நாளும் வகுப்பில் தவறிக்கூட அம்மா என்று கூப்பிட்டதில்லை.

பிரார்த்தனை முடிந்ததும் நகம், தலை, பல் பார்ப்பது என் வழக்கம். அழுக்கு நகத்துக்கு வெட்டச் சொல்வேன். பல் கறையாக இருந்தால் தனியாக நிற்கச் சொல்வேன். அந்த வரிசையில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் நிற்பார்கள். ஒரு நாள் அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்று முந்தின நாளே தகவல் வந்திருந்தது. காலையிலிருந்தே பதற்றமாக இருந்தேன். பற்களைப் பார்த்துக்கொண்டே போனேன். என் மகளின் முறை வந்தது. ஈ என்று காட்டினாள். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். டீச்சர் மகள் என்றால் விட்டுவிடுவாளா என்று பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

"பல்லு தேச்சியா?"

"தேச்சேன் டீச்சர்."

"நெசமாச் சொல்லு."

"தேச்சேன் டீச்சர்."

அவள் தோளைப் பிடித்து மற்றவர்கள் பக்கம் திருப்பி நிறுத்தினேன். "எல்லாரும் பாருங்க. பல்லு தேய்க்காம தேச்சேன்னு பொய் சொன்னா இப்படித்தான் ஆகும். டீச்சர் பிள்ளையா இருந்தாலும் சரி" என்றேன். அவள் வாயை மூடப் போனாள். "மூடாத, காட்டு" என்றேன். காட்டினாள். பிறகு அவளையும் அந்த வரிசையில் நிற்கவைத்து, எல்லோரையும் அடிபம்புக்குக் கூட்டிப் போய், கையில் பல்பொடி கொட்டித் தேய்க்கச் சொன்னேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பம்பை அடித்தாள். என் மகள் தண்ணீரைக் கையில் ஏந்திக் கொப்பளித்தாள். அழவில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி மதியம் வந்தார், பதிவேடுகளைப் பார்த்தார், போய்விட்டார். எந்தப் பிள்ளையின் பல்லையும் அவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் வாயைத் திறந்து சிரிப்பது நின்றது. ஒரே நாளில் நின்றதா, கொஞ்சம் கொஞ்சமாக நின்றதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் கவனிக்கவில்லை. ஆண்டு விழாவில் பாடும்போது ஒரு கையை உதட்டுக்கு முன்னால் வைத்துக்கொண்டே பாடினாள். மைக் பிடித்த கை என்றுதான் நினைத்தேன். மைக் இன்னொரு கையில் இருந்தது என்பதைப் போட்டோ வந்தபிறகுதான் பார்த்தேன்.

அவள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது வெளியூர்ப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு வேனில் ஐந்தாறு பேர் வந்து பள்ளியில் முகாம் நடத்தினார்கள். அவர்களில் ஓர் இளம்பெண் டாக்டர்தான் எல்லாப் பிள்ளைகளின் வாயையும் டார்ச் அடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் முகம் மாறிவிட்டது. பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து நிற்கவைத்தார். பிறகு கேட்டார்.

"இந்த ஊர்லயே பிறந்து வளர்ந்தவங்க யாரு? கை தூக்குங்க."

கறைப்பல் பக்கத்தில் எல்லோரும் கை தூக்கினார்கள். என் மகளும் தூக்கினாள். வெள்ளைப்பல் பக்கத்தில் இருந்தவர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களில் இரண்டு பேர் முந்தின வருஷம் கழுகுமலையிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். மற்றவர்கள் ஊருக்கு வெளியே தோட்டத்துக் கிணற்றடியில் குடியிருந்தவர்கள்.

"குடிக்கத் தண்ணி எங்க எடுக்கிறீங்க டீச்சர்?"

அடிபம்பைக் காட்டினேன்.

"இது பிள்ளைங்க தப்பு இல்ல" என்றார் அந்த டாக்டர். "தண்ணியில புளோரைடு ஜாஸ்தியா இருக்கும்னு நினைக்கிறேன். டெஸ்ட் பண்ணணும். இந்தக் கறை என்ன தேய்ச்சாலும் போகாது. பல் ஈறுக்குள்ள உருவாகும்போதே உள்ளுக்குள்ள ஏற்படுற பாதிப்பு இது."

"ஈறுக்குள்ளயா?"

"ஆமா. முன்பல்லுன்னா பிறந்ததுல இருந்து மூணு நாலு வயசுக்குள்ள குடிச்ச தண்ணிதான் காரணம். வெளிய வரும்போதே அது அப்படித்தான் வரும். போகப்போகக் கறை ஏறும்."

"கொதிக்கவச்சுத்தான் குடுத்தேன்" என்றேன்.

"கொதிக்கவெச்சா கிருமி சாகும் டீச்சர். இது போகாது. தண்ணி வத்தினா இன்னும் கூடத்தான் செய்யும். பால் பவுடர்ல கலந்து குடிச்ச குழந்தைங்களுக்குப் பாதிப்பு அதிகமா இருக்கும்."

பாதியாக வற்றும்வரை அடுப்பில் விட்ட அந்தப் பாத்திரம் கண் முன்னால் வந்து நின்றது. இவர்களில் ஒருத்தி என் பிள்ளை என்று அந்த டாக்டரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம். என்ன செய்யலாம், எந்த வயதில் செய்யலாம் என்று தெரிந்திருக்கும். என் மகள் நான்கடி தூரத்தில் நின்று அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வகுப்பில் அதைப் பாடமாக நடத்தினேன். போர்டில் ஒரு பல் படம் வரைந்து, தண்ணீரில் கலந்திருக்கும் பொருள்களைப் பற்றிச் சொல்லி, "அதனால கறைப்பல்லு உங்க தப்பு இல்ல, தண்ணியாலதான்" என்று முடித்தேன். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். அந்த வரிசையில் தினமும் நின்றவன்.

"அப்போ எங்கள எதுக்கு டீச்சர் நிக்கவச்சீங்க?"

குறும்புக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"உக்காருலே" என்றேன்.

உட்கார்ந்துவிட்டான். நான் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அன்றோடு பல் பார்ப்பதை விட்டுவிட்டேன், அவன் கேள்விக்குப் பதிலாக அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அந்த முகாமைப் பற்றிக் கடிதம் எழுதினேன், தண்ணீரைச் சோதிக்கச் சொல்லி மனு கொடுத்தேன், ஊர்க்காரர்களிடம் பேசினேன். சோதனை வந்தது. குடிக்கக் கூடாதென்று பம்பில் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள். சில வருஷங்களில் தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வந்தது. பிற்பாடு பிறந்த பிள்ளைகளின் பற்கள் வெள்ளையாக இருந்தன. "டீச்சராலதான் இந்தத் தண்ணி வந்துச்சு" என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பம்புத் தண்ணீரைக் குடிக்கச் சொன்னதும் நான்தான் என்பதை யாரும் சொன்னதில்லை. அவர்கள் மறந்துவிட்டார்களா, மரியாதைக்காகச் சொல்லாமல் இருந்தார்களா, தெரியாது.

மகளை ஆறாம் வகுப்பில் சேர்ப்பதற்காகக் கோவில்பட்டிக்குக் குடிமாறினோம். அங்கே பெண்கள் பள்ளியில் அவளை என்ன பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதை இங்கே எழுத விரும்பவில்லை. பதின்மூன்று வயதில் ஒரு நாள் சாப்பிடும்போது, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"ம்மா, பல்லு மேல வெள்ளையா எதையோ வச்சு மூடுவாங்களாம். எங்க கிளாஸ்ல ஒருத்தி சொன்னா. டாக்டர்ட்ட கேப்பமா?"

"பத்தாவது முடியட்டும். அதுக்குள்ள என்ன அவசரம்? மார்க்கு இருந்தாப் போதும், பல்ல யாரு பாக்கா?"

அவள் மறுபடியும் கேட்கவில்லை. பத்தாவது முடிந்தது. மாவட்டத்துக்குள் நல்ல மதிப்பெண். ஹால்டிக்கெட் போட்டோவில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். பிறகு பிளஸ் டூ வந்தது. பேச்சுப் போட்டிக்கு ஆசிரியைகள் அவளை அனுப்பப் பார்த்தார்கள். வீட்டில் தனியாக அவள் பேசிப் பார்ப்பதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். அவ்வளவு தெளிவான குரல், அவ்வளவு அழகான உச்சரிப்பு. போட்டியன்று தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிவிட்டாள். மறுநாள் தொண்டை நன்றாக இருந்தது. அதையும் பார்த்தேன், எதுவும் கேட்கவில்லை.

கல்லூரிக்குப் போவதற்கு முந்தின விடுமுறையில் என் கணவர்தான், என்னிடம் கேட்காமலேயே, ஒரு பெண் பல் டாக்டரிடம் நாள் வாங்கிக்கொண்டு வந்தார். நான் துணைக்குப் போனேன். டாக்டர் அவள் பற்களைப் பார்த்துவிட்டு, மேல்பரப்பை லேசாகச் சீவி, முன்னால் தெரியும் ஆறு பற்களுக்கும் பல் நிறத்திலேயே ஒரு பூச்சு வைக்கலாம் என்றார். சில வருஷங்களுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியிருக்குமாம். கடைவாய்ப் பல் ஒன்றில் ஆழமான சொத்தையும் இருந்தது. சின்ன வயதில் பால்பற்களை எடுத்த இடத்தில் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, அங்கே உணவு போய்த் தங்கித் தங்கி வந்ததாம். இடத்தைப் பிடித்துவைக்க அப்போதே ஒரு கம்பி போட்டிருக்கலாம் என்றார்.

"இவ்ளோ நாள் ஏம்மா விட்டீங்க? இதெல்லாம் பதிமூணு பதினாலு வயசுலயே பண்ணியிருக்கலாமே" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் பதில் தேடுவதற்குள் மகள் சொன்னாள்: "பரீட்ச இருந்துச்சு டாக்டர். நான்தான் அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னேன்."

இரண்டு நாள் வேலை. முடிந்ததும் டாக்டர் அவள் கையில் கண்ணாடியைக் கொடுத்தார். அவள் உதட்டை விலக்கிப் பார்த்தாள். நாக்கால் ஒவ்வொரு பல்லாகத் தடவினாள். எனக்குப் பழைய முகம் வேண்டியிருந்தது, கொழுக்கட்டையைச் சப்பிக்கொண்டு சிரித்த முகம். அவள் "நல்லாருக்கு, தாங்க்ஸ் டாக்டர்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாள்.

வெளியே வந்தோம். பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தோம். வழியில் அவளுடன் படித்த பெண்ணொருத்தி எதிரே வந்து ஏதோ வேடிக்கையாகச் சொன்னாள். மகள் சிரித்தாள். கை தானாக மேலே போய் வாயை மூடிக்கொண்டது. அந்தப் பெண் போனபிறகும் சில விநாடி அந்தக் கை அங்கேயே இருந்தது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"மூணாவது படிக்கையில ஒரு நாள் எல்லார் முன்னாடியும் உன்ன நிக்கவச்சேன். ஞாபகம் இருக்காட்டி?"

"இருக்கு."

"அது எம் மனசுல கெடந்து அறுத்துக்கிட்டே இருக்கு."

அவள் நடந்துகொண்டே சொன்னாள். "அன்னைக்கு எனக்கு அவ்ளோ கஷ்டமா இல்லம்மா. எல்லாரும்தான நின்னாங்க. நான் நெசமாவே சரியாத் தேய்க்கலன்னுதான் நெனச்சேன். அதான் விடியக்காலைல எந்திரிச்சு உனக்குத் தெரியாம இன்னொரு தடவ தேய்ப்பேன்."

நான் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஆனா அந்த டாக்டரம்மா வந்து தண்ணியாலன்னு சொன்னாங்கள்ல, அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து எங்கிட்ட நீ என்னமோ சொல்லப்போறன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ சோறு பொங்குன, துணி மடிச்ச, படுத்துட்ட. மறுநாள் கிளாஸ்ல வந்து எல்லாருக்கும் சேத்துப் பாடமா நடத்துன."

ரோட்டோரம் நின்றுவிட்டேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. "தப்புதாம்மா. நான் செஞ்சது தப்பு. நீ நெசத்தச் சொன்ன, நான் நம்பல" என்றேன். ஏழு வருஷத்துக்கு முன்னால், அடுப்படியில், அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டியது. லாரிச் சத்தத்தில் பாதி அவளுக்குக் கேட்டிருக்காது. ஆனால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிம்மா" என்றாள். "பஸ் வந்துருச்சு, வா."

இப்போது அவள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். தொலைபேசியில் பேசும்போது நன்றாகச் சிரிக்கிறாள், உரக்கச் சிரிக்கிறாள். ஊருக்கு வந்து எதிரே உட்கார்ந்து பேசும்போது கை மேலே போகிறது. பாதியில் அவளுக்கே தெரிந்து, அதை இறக்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். நான் அதைப் பார்க்காதது போல வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.